காலுக்குக் கடைசியில்

மோகனூர்
3-3-2025

மாப்பிள்ளை இளவழகனுக்கு,

போன்ல பேசினா நான் சத்தம் போட்டுடுவேன், நீங்க வச்சிருவீங்க. அதனாலதான் எழுதறேன். மோனிஷாவுக்குச் சளி விட்டுதுங்களா? பேத்தியை நினைச்சு உங்க அத்தைக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

பதினாலு மாசம் ஆச்சு, புள்ளை இன்னும் நிக்கலை. கார்த்திகையில காய்ச்சல் எம்மக ஜெயப்பிரியாவைக் கொண்டுட்டுப் போச்சு. அன்னைக்கிலிருந்து புள்ளை உங்க மோட்டார் பட்டறைத் தூளியில கிடக்குது. தாயில்லாத புள்ளைக்குக் கால் எப்படி ஊனும்?

நடைவண்டி ஒண்ணு பஸ்ஸுல போட்டுவிடறேன். 12-ம் தேதி புதன்கிழமை கார் எடுத்துட்டு வாரேன். அதுக்குள்ள நடக்கலைன்னா நம்ம ஊட்டுலயே வளரட்டும். நீங்களும் சின்ன வயசு, வேற வாழ்க்கையைப் பாருங்க.

பாலசுந்தரம்

புதுச்சத்திரம்
6-3-2025

மாமாவுக்கு,

சளி போயிருச்சுங்க. ராகிக்கூழ் குடிக்கிறா, குடிச்சுட்டுக் கிண்ணத்தை என் மேல எறியறா.

நடைவண்டியை அடுத்த பஸ்ஸுலயே திருப்பி ஏத்திட்டேன். கோவப்படாதீங்கன்னு சொல்லலை. கோவப்படுங்க.

சேலத்துல டாக்டரம்மாகிட்டக் காட்டினேன். முட்டியில தட்டினாங்க, காலை மடக்கி நீட்டினாங்க. "ஒரு குறையும் இல்லை. ஒண்ணரை வயசு வரைக்கும் பொறுங்க"ன்னாங்க. "ஏன் லேட்டுங்க?"ன்னேன். "நீங்க என்ன வேலை?"ன்னாங்க. "மோட்டார் ரீவைண்டிங், காப்பர் கம்பி சுத்தற வேலை." "அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும்"னு சிரிச்சாங்க.

பிறக்கறப்ப நரம்பு இழையில நிறைய வெறும் கம்பிங்க மாமா. பிறந்த பிறகுதான் அது மேல கொழுப்புப் பூச்சு சுத்திச் சுத்தி ஏறுது. மயலின்னு பேரு. பூச்சு இல்லாத நரம்புல சேதி ஊர்ந்து போகும். ஏறிட்டா இடைவெளிக்கு இடைவெளி தாவும். என் காப்பர் கம்பிகூட அப்படித் தாவாது. பெரும்பாலும் மேலேயிருந்து கீழே வருமாம். கழுத்து, கை, இடுப்பு, காலுக்குக் கடைசியில. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு வேகம்.

சுத்தின கம்பி மேல ஊத்தற வார்னிஷ் காயறதுக்கு முன்னே கரண்ட் கொடுத்தா மோட்டார் புகைஞ்சு போயிரும்னு எனக்குத் தெரியும். அவளைத் தள்ளி நடக்க வைக்க மாட்டேன்.

புதன்கிழமை வராதீங்க. புள்ளையைத் தர மாட்டேன். வேற வாழ்க்கைங்கற பேச்சும் வேண்டாம்.

இளவழகன்

மோகனூர்
8-3-2025

மாப்பிள்ளை,

புள்ளையையும் தண்ணி மோட்டாரையும் ஒண்ணா வச்சுப் பேசறீங்க. எம்மகளை எடுத்தப்பவும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமத்தான் நின்னீங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே பட்டறையைத் திறந்தீங்க. உங்களுக்கு எந்த நரம்புல பூச்சு ஏறலைன்னு அந்த டாக்டரம்மாகிட்டக் கேட்டீங்களா?

நீங்க திருப்பி அனுப்பினது கடை வண்டி இல்லை. ஜெயா சின்னதுல நடை பழகின வண்டி. பரணிலிருந்து இறக்கி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, சாக்குல சுத்தி அனுப்பினேன். தாய்வீட்டு நடைவண்டியை யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா? பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் தூக்கிட்டு நடந்ததை ஊரே பார்த்துச்சு.

புதன்கிழமை வாரேன். புள்ளையோடதான் திரும்புவேன்.

பாலசுந்தரம்

புதுச்சத்திரம்
10-3-2025

மாமாவுக்கு,

வாங்க. கார் காலியாத்தான் திரும்பும்.

அன்னைக்கு ஏன் அழலைன்னு எனக்கே தெரியலைங்க. உங்க லெட்டரைப் படிச்சும் கண்ணு கலங்கலை. பக்கத்து டீக்கடை அங்கம்மாக்கா, "கல்லாட்டம் இருக்கறயே சாமி"ன்னு திட்டுது. கல்லுன்னே வச்சுக்குங்க. ஆனா எந்த அழுகை பசி, எது தூக்கம், எது சும்மா என்னைக் கூப்பிடறதுன்னு இந்தக் கல்லுக்குத் தெரியும்.

மோனிஷா இன்னும் நிக்கலை. புதன்கிழமைக்குள்ள நின்னுருவான்னு பொய் சொல்ல மாட்டேன். அவ நடக்கவே இல்லைன்னாலும் இடுப்புல வச்சுக்கிட்டே வைண்டிங் கட்டுவேன். நடந்தா எனக்கு, நடக்காட்டி உங்களுக்குன்னு எம்புள்ளையை யாரும் தேதி போட்டுப் பேச வேண்டாம்.

அத்தையையும் கூட்டிட்டு வந்து எத்தனை நாள் வேணாலும் இருங்க. தூக்கிட்டுப் போக மட்டும் வராதீங்க.

ஜெயாவோட வண்டின்னு தெரியாதுங்க மாமா. சாக்கைப் பிரிக்காமலே ஏத்திட்டேன். வர்றப்ப அதைக் கொண்டு வாங்க. மோனிஷாவுக்கு இல்லை. ஜெயா புடிச்சு நடந்த கட்டையை நான் ஒருதரம் புடிச்சுப் பார்க்கணும்.

இளவழகன்