கடல் பார்த்த அறை

உன் கருமாதி முடிந்து ஒரு வாரம். இன்று காலை உன் மேசை லாச்சியைத் துப்புரவு செய்யச் சொன்னார் முதலாளி. இழுத்ததுமே குப்பென்று உன் யூகலிப்டஸ் தைல வாசனை. அடியில் நம் கேப் டவுன் கோப்பு. பாவி, அதை நீ என் கண்ணில் காட்டாமலே வைத்திருந்திருக்கலாம்.

கண்டியில் இந்தப் பயண அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இருபது வருடம் ஊராரை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். ஆகஸ்ட் பெரஹரா திருவிழா லீவில் கேப் டவுன் கேட்டு வருகிறவர்களிடம், "அங்க இப்ப குளிர்காலம் சார், மூக்கு ஒழுகும்" என்று நீ சிரிக்காமல் சொல்வாய். ஒருநாள் திடீரென்று, "அடியே, நாமளும் போவோம். போனா ராணி மாதிரி போகணும்" என்றாய். ஹோட்டல், கேபிள் கார், பென்குயின் நிற்கும் கடற்கரை, எல்லாவற்றையும் நீதான் தேர்ந்தெடுத்தாய். என்னை ஒரு வார்த்தை பேசவிட்டாயா?

நான் வாய் திறந்தது அறைக்காக மட்டும். அந்த ஊரின் மேசை மலை தெரியும் அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பன்வில தேயிலத் தோட்டத்து லயத்துல மலையப் பாத்தே பொறந்தோம், அங்க போயும் மலையையா பாக்கணும்? எனக்குக் கடல் வேணும்" என்றேன்.

"கடலப் பாத்தா எனக்குத் தல சுத்தும். உனக்கு ஒத்துவராட்டி நீ தனியாப் போ" என்றாய்.

அதோடு உன்னோடு பேச்சை விட்டேன். நீ லீவு போட்டபோதும் ஏனென்று கேட்கவில்லை. மூன்றாவது வாரம் உன் தம்பி போன் பண்ணினான். சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உன் சின்னம்மா என் காதுபடவே சொன்னார்.

இன்று கோப்பைத் திறந்தால், அறை பதிவானது சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே. கடல் பார்த்த அறை. ஒரே பெயர், என் பெயர். பின்னால் உன் கிளினிக் அட்டை. முதல் திகதி நாம் திட்டம் போடத் தொடங்குவதற்கும் முந்தியது. அதோடு காலாவதியான உன் பாஸ்போர்ட். "பாஸ்போட்டப் பாக்காமயா டிக்கட் கேக்குறீங்க?" என்று ஊரையே ஏசியவள் நீ!

ஆக, நீ வருவதாகவே இல்லை. நோய் என் கண்ணில் படக்கூடாது என்று சண்டை போட்டு என்னை விரட்டினாய். அந்த அதிகாரத்தை உனக்கு யாரடி கொடுத்தது? உனக்குக் கஞ்சி வைத்துத் தர எனக்குக் கை இல்லையா? மன்னிக்க மாட்டேன். செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள், நான் திட்டுவேன்.

மத்தியானம் ஹோட்டலுக்கு எழுதி அறையை மாற்றிவிட்டேன். மலை பார்த்த அறை. உன் பாஸ்போர்ட் என் கைப்பையில் இருக்கிறது. ஜன்னல் ஓரமாக அதை வைப்பேன். நீ கேட்ட மலையை நீயே பார்த்துக்கொண்டு கிட.