துணி காட்டினியா?

மச்சான்,

நீ கடைசியாகப் போட்ட முடிச்சு இன்று காலை என் கையில் இருந்தது. அம்மோனியாத் தண்ணீர் பாட்டிலின் மூடி சரியில்லை என்று, வாயில் பாலிதீன் தாளைப் போர்த்தி, சணலை மூன்று சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவாயே, உன்னைத் தவிர எவனாலும் லேசில் அவிழ்க்க முடியாத அந்தப் பாழாய்ப்போன முடிச்சு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்க ஒரு நாள் இருந்தபோது கட்டியது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு பாட்டிலை யாரும் தொடவில்லை. நகத்தால் நெருடிக்கொண்டு நின்றேன். தாளுக்கு அடியிலிருந்து அந்த நாற்றம் கசிந்து மூக்கில் ஏறியதும் கையை எடுத்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.

உள்ளேயிருந்து மேனேஜர் கத்தினார். "இன்னும் இன்னாய்யா பண்ற? கம்ப்ரஸரப் போடலாமா, வேணாமா?"

அவர் அவசரம் அவருக்கு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற படகெல்லாம் இன்னும் மூன்று நாளில் கடலுக்குப் போக வேண்டும். ஐஸ் இல்லாமல் எவன் போவான்? இரண்டு மாதம் தூங்கிய நம் ஐஸ் ஃபேக்டரி இன்று எழுந்தே ஆக வேண்டும். ஆனால் கசிவைக் காவல் காக்கிற உன் பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. போன வாரம் தூசி தட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஒரு முனகல், அவ்வளவுதான். உன் பின்னாலேயே போய்விட்டது.

"இது செத்தா நாம செத்தோம்டா, ஒரு காப்பி எடுத்து வை" என்று நீ நச்சரித்ததால் அதன் ஹார்ட் டிஸ்க்கின் நகல் என்னிடம் இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டேன். புது மெஷினுக்குள் பழைய மெஷின் மாதிரியே நடிக்கும் சாஃப்ட்வேர் அது. அதில் உன் நகலைக் கொடுத்ததும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடியது. நீ எழுதிய புரோகிராம் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கிண்டல் பண்ணாதே.

ஐஸை உறைய வைக்கிற அம்மோனியா குழாயில் எங்காவது கசிந்தால் மோப்பம் பிடிக்க மூன்று சென்சார்கள் வைத்தோம், கம்ப்ரஸர் அறையில், தொட்டிப் பக்கம், ஐஸ் பார் இறக்கும் வாசலில். நீ அவற்றை மூக்கு என்பாய். மூன்று மூக்கும் வயர் வழியாக உன் கம்ப்யூட்டருக்கு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எண் ஏறினால் சைரன் அலறும். இல்லையென்றால் திரையில் பூஜ்யமும் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'நலம்' என்ற வார்த்தையும் தெரியும்.

இன்று காலை அந்த வயரை எமுலேட்டரோடு சேர்த்தேன். மூன்று பூஜ்யம், மூன்று நலம். சைரனைச் சோதிக்கும் பட்டனைத் தட்டினேன், ஊரே எழுந்திருக்கிற மாதிரி அலறியது. "அதான் அடிக்குதே, அப்புறம் இன்னா?" என்றார் மேனேஜர். போடுங்க சார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், சத்தியமாக. அப்போதுதான் அலமாரியில் உன் பாட்டில் கண்ணில் பட்டது.

தினமும் காலையில் ஒரு கம்பு நுனியில் துணியைச் சுற்றி, அம்மோனியாத் தண்ணீரில் நனைத்து, மூன்று மூக்குக்கும் காட்டுவாய். சைரன் அலறும். யாரும் பயந்து ஓடக்கூடாது என்று "துணி! துணி!" என்று நீயே கத்துவாய். அதற்கு அப்புறம்தான் கம்ப்ரஸர். ஃபேக்டரியே உன்னைப் பயந்தாங்குளி என்றது. அதிகமாகச் சொன்னவன் நான். "நலம்னு நீதானடா எழுதுன, உனக்கே நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டேன். "பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னுதான் நீ நெனைக்கிற மச்சான். மூக்கு பேசவே இல்லன்னாலும் அதே பூஜ்யம்தான் வரும்" என்றாய். அதை மாற்றி எழுதேன் என்றால், ஓடுகிற புரோகிராமில் கை வைக்கப் பயம் என்பாய். அதற்கும் சிரித்தேன்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருடமாக முழுங்கி வைத்திருப்பது.

உன் மகளுக்குக் காது குத்த நீ வில்லியனூர் போயிருந்த நாள். துணி காட்டும் வேலையை என்னிடம் விட்டுப் போனாய். நான் காட்டவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் ஒன்றும் கிடையாது. ராத்திரி எலி வயரைக் கடித்திருந்தது. நாள் முழுக்கத் திரை நலம், நலம் என்றது. மத்தியானம் ஒரு வால்வு கசிந்தது. பக்கத்தில் நின்றது கம்ப்ரஸர் ஆப்பரேட்டர் வேலு அண்ணன். கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து விழுந்தார். ஐஸ் வாங்க வந்திருந்த மீன்காரப் பெண்கள் அன்னக்கூடைத் தண்ணீரை அப்படியே அவர் முகத்தில் கொட்டினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காற்று பட்டால் இன்றைக்கும் அவருக்கு இடது கண்ணில் நீர் வடிகிறது.

மறுநாள் நீ வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "துணி காட்டினியா?"

"காட்டினேன்" என்றேன்.

நீ தலையை ஆட்டிவிட்டு நேரே முதலாளியிடம் போனாய். "காலைல நல்லாதான் சார் இருந்திருக்கு. நடுவுல வயர் அறுந்தத என் புரோகிராம் கண்டுபிடிக்கல. தப்பு என்னுதுதான்" என்றாய். எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாய். நான் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் இன்று அந்த முடிச்சை நெருடிக்கொண்டே நின்றேன். சணலை அறுக்க மனசு வரவில்லை. ஆணியால் குத்திக் குத்தி அவிழ்த்தேன். திரை போனிலும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, துணியை நனைத்து முதல் மூக்குக்கு நேரே பிடித்தேன். என் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது. திரையில் பூஜ்யம். நலம். இரண்டாவது மூக்கு, நலம். மூன்றாவது, நலம். ஐயோ மச்சான்! ஒரு நிமிடம் முன்னால் போடுங்க என்று சொல்லியிருந்தால்? ஃபேக்டரிக்குள் பதினாறு பேர் நின்றிருந்தார்கள்.

மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டு அரை மணி நேரம் வாங்கினேன். எமுலேட்டரின் நெட்வொர்க் செட்டிங்கை வரி வரியாகப் பார்த்தேன். கோளாறு அங்கேதான். தானாக அது எடுத்துக்கொண்ட செட்டிங்கில் உன் பழைய மெஷின் புது மெஷினுக்குப் பின்னால் உள்வாடகைக்கு இருப்பவன் மாதிரி. அவன் வெளியே போகலாம், வெளியிலிருந்து எவனும் அவனைத் தேடி வர முடியாது. சைரனுக்கு அது அனுப்பிய கட்டளை போயிற்று. மூக்குகள் அனுப்பிய எண் எதுவும் அதற்கு வந்து சேரவில்லை. தெருவைப் பார்த்த தனி வாசலும் பழைய கதவு எண்ணும் கொடுக்கிற மாதிரி, வயரில் அதற்கென்று சொந்த முகவரி வைக்கும் செட்டிங்குக்கு மாற்றினேன். மறுபடி துணியை நனைத்தேன்.

எண் ஏறியது. பன்னிரண்டு, முப்பது, நாற்பத்தெட்டு. சைரன் அலறியது. "துணியா, நெசமா?" என்று வெளியிலிருந்து வேலு அண்ணன் குரல். கத்த மறந்துபோயிருந்தேன். "துணி! துணி!" என்று கத்தினேன். குரல் பாதி அழுகையாகத்தான் வந்தது.

கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் வேலு அண்ணன் டீயோடு மேலே கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். இடது கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "மூணுக்கும் காட்னியா?" என்றார்.

"காட்டினேண்ணே." அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. "அன்னிக்குத்தாண்ணே காட்டல. பொய் சொல்லிட்டேன்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்பா" என்றார். "அவன் மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டான். 'நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்குதுண்ணே, அவன் பாட்டிலத் தொடவே இல்ல. ஆனா நீங்க கேட்டுடாதீங்க. பயந்து வெளறிப்போய் நிக்கிறான். இனிமே மறக்க மாட்டான்'னான்."

டீயை அப்படியே வைத்துவிட்டேன். அப்படியென்றால் பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டாயா? தெரிந்துகொண்டே என் பொய்யைக் கேட்டு, தெரிந்துகொண்டே முதலாளியிடம் போய் நின்றாயா? அப்புறம் பதினோரு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாயே, ஒரு வார்த்தை விடவில்லையே, பாவி! வேலு அண்ணன் கண்ணுக்காவது என்னை நாலு அறை விட்டிருக்கக்கூடாதா? இதில் எனக்கு ஆறுதல் இல்லை. பயம் கூடித்தான் போயிருக்கிறது. நீ இருந்தவரை எல்லாருக்கும் சேர்த்து நீ பயந்துகொண்டிருந்தாய், நான் தைரியசாலியாகத் திரிந்தேன். இப்போது அந்தப் பயம் மொத்தமும் என்னிடம் வந்திருக்கிறது.

சாயங்காலம் பாட்டிலைக் கட்ட உட்கார்ந்தேன். உன் முடிச்சு எனக்கு வரவில்லை. நாலு தடவை முயன்று, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டு வேலு அண்ணனிடம் காட்டினேன். "நல்லாப் பாத்துக்குங்கண்ணே. காலைல இது அவுந்திருந்தாதான் நீங்க ஸ்விட்சுல கை வெக்கணும். நான் காட்டினேன்னு சொல்றத மட்டும் வெச்சு நம்பிடாதீங்க."

அவர் பாட்டிலை வாங்கி, வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, முடிச்சை ரொம்ப நேரம் பார்த்தார்.