கடற்பசு இல்லாத கட்டுரை

பிப். 8, சனி

காலையில் பனி. கடல் அசையவே இல்லை. இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும்.

பக்கத்துத் தீவுக்குச் சுற்றுலா. ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பேர், கலா டீச்சர், ஒரு படகு. ஓட்டியவர் நஸ்ரினின் அப்பா, வாப்பா என்பாள். (இலுப்பூரிலிருந்து நாங்கள் கோட்டைப்பட்டினம் வந்து எட்டு மாதம். எனக்கு நஸ்ரின் ஒருத்திதான் தோழி.)

பார்த்தவை:
பூநாரை 31. இரண்டு முறை எண்ணினேன்.
நண்டு. எண்ண முடியவில்லை.
இடிந்த செங்கல் மேடை. டீச்சர்: கப்பலுக்கு விளக்கு வைத்த இடம். வாப்பா: "வெளக்காவது! உப்பு அளந்த எடம், டீச்சர்." இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

"மணல எண்ணலையா புஸ்தகம்?" என்றாள் நஸ்ரின். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

திரும்பும்போது தீவுக்கு வடக்கே, கடற்புல் தெரியும் இடத்தில், பழுப்பு முதுகு. மூக்கில் இரண்டு துளை, மூடி திறப்பது மாதிரி திறந்தன. புஸ்ஸென்று மூச்சு. நூலகப் புத்தகத்தில் இருக்கும் அதே கடற்பசு! கத்திவிட்டேன். மற்றவர்கள் திரும்புவதற்குள் முங்கிவிட்டது.

"அது கட்டை, புள்ள," என்றார் வாப்பா.

நஸ்ரின் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "கட்டைதான்."

கட்டை மூச்சு விடுமா?

டீச்சர்: எல்லாரும் கட்டுரை எழுத வேண்டும். நல்லது வனத்துறைக்குப் போகும்.

பிப். 9, ஞாயிறு

வெயில். சீருடை துவைத்தேன். கட்டுரை இரண்டு பக்கம். கடற்பசு வரும் இடத்தில் நிற்கிறது.

சாயங்காலம் நஸ்ரின் வந்தாள். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"அத எழுதாதடி. வனத்துறைக்காரங்க அங்கிட்டு வலையே போடக்கூடாதும்பாங்க. வேற எடத்துல வாப்பாவுக்கு மீனே படாது."

"அப்ப நீயும் பாத்த?"

"நான் கட்டையத்தான் பாத்தேன்."

"கட்டைன்னா எழுதுனா என்ன?"

விருட்டென்று போய்விட்டாள். ஒரு காலில் என் செருப்பு.

பிப். 10, திங்கள்

கடற்பசு இல்லாமல் கொடுத்தேன். டீச்சர் வகுப்பில் வாசித்தார். "பாருங்க, உள்ளத உள்ளபடி எழுதியிருக்கா." கைதட்டல். நஸ்ரினும் தட்டினாள். எனக்குக் காது சுட்டது.

புத்தகத்தில் பார்த்ததால்தான் கடலிலும் தெரிந்ததோ? கட்டையாகவே இருக்குமோ? அப்படியானால் நஸ்ரின் ஏன் வந்து கெஞ்ச வேண்டும்?

பிப். 13, வியாழன்

மேகம். கணக்குத் தேர்வு சுமார். இடைவேளையில் நஸ்ரின் என் செருப்பைத் திருப்பித் தந்தாள்.

"வாப்பா நாலு நாளா தெக்க போயி வலை விடுறாரு. ஒண்ணும் படல. உம்மா வையுது."

"ஏன், தீவுப் பக்கம் போகலையா?"

"கட்டையில வலை மாட்டிக்குமாம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

அவரும் பார்த்திருக்கிறார். இல்லை என்கிறார். ஆனால் அது மாட்டக் கூடாதென்று மீன் படாத இடத்துக்குப் போகிறார். இவரைப் பொய் சொன்னவர் என்று எழுதுவதா? சரி, மற்றப் படகுகள்? அவர்கள் அங்கே வலை விடுவார்களே. டீச்சரிடம் சொன்னால் அதற்கு நல்லது. சொன்னால் வாப்பாவுக்கு? நஸ்ரின் அப்புறம் பேசுவாளா?

நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்குள் டீச்சரிடம்

அப்பா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி இருட்டில்.