ஈரப் பிரஷ்ஷுக்குப் போட்ட டிக்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், உன் வாலுப்பெண்ணும் பல் உட்பட நலம். பல் ஏன் நடுவில் வந்தது என்று பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அழுதுவிடுவாய், எனக்கும் பேச்சு வராது.

போன செவ்வாய்க்கிழமை அவள் கொட்டாவி விட்டபோது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கடுகளவு கறுப்பைப் பார்த்தேன். மாப்பிள்ளை கப்பலில், நீ பயிற்சியில், நான்கு வயதுக் குழந்தையை எங்களை நம்பி ஆறு மாதம் விட்டிருக்கிறீர்கள், திரும்பி வரும்போது பல்லைப் பிடுங்கிவிட்டு நிறுத்துவதா? அம்மாவோ, விழப்போகிற பால் பல்தானே, இதற்குப் போய் ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்றாள். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் பல் டாக்டரிடம் கூடவே கிளம்பினாள்.

தினமும் பல் தேய்க்கிறாளா என்று டாக்டரம்மா கேட்டார். நான் விடுவேனா, கிடங்கில் முப்பது வருஷம் சரக்கைச் சரிபார்த்து டிக் அடித்த கை ஆயிற்றே. குளியலறைக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறேன், இரண்டு வேளையும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து காட்டுவாள், நான் தொட்டுப் பார்த்து ஈரமாக இருந்தால்தான் டிக் போடுவேன், நாற்பது நாளில் ஒன்றுகூடத் தவறவில்லை என்று பெருமையாக அளந்தேன். அவர் அவள் பல்லில் ஒரு சிவப்பு மருந்தைத் தடவிக் கொப்பளிக்கச் சொன்னார். அழுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஒட்டுமாம். வாய் முழுக்கச் செக்கச்செவேலென்று நின்றது. இது எப்படி என்று கேட்டதற்கு உன் மகள் சொன்னாள்: "தாத்தா பிரஷ்ஷத்தான் பாத்தாரு. பல்லப் பாக்கவே இல்லியே." குழாயில் நனைத்து நனைத்துக் காட்டியிருக்கிறாள். நான் அசடு வழிந்தேன், அம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு நன்றாகப் பார்த்துவிட்டு, சொத்தை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, பிடுங்க வேண்டாம், சின்னதாக அடைத்தால் போதும் என்று டாக்டரம்மா வயிற்றில் பாலை வார்த்தார். அடைத்து முடிக்கும்வரை அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. கண் கலங்கியது எனக்குத்தான். இந்தக் கடைவாய்ப் பல் பத்துப் பதினொரு வயதுவரை இருக்க வேண்டியதாம், அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதே இதுதானாம். அம்மாவுக்கும் ஒரு குட்டு விழுந்தது. ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும் என்றும், ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

இப்போது மடியில் சாய்த்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து நானே தேய்த்துவிடுகிறேன். முதல் நாள் விரலைக் கடித்தாள். இப்போது என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே ஆவென்று காட்டுகிறாள். மேலே பத்து, கீழே பத்து என்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உனக்குப் பல் முளைத்தபோதும் விழுந்தபோதும் நான் கிடங்கிலேயே கிடந்தேன், ஒரு நாளும் உன் வாயைத் திறந்து பார்த்ததில்லை. எல்லாம் அம்மா பார்த்தாள். அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறதம்மா.

எடுத்த காரியத்தை முடித்துக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் மகளிடம் வந்து சேர எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக வீடியோவில் நீ இடது பக்கமாகவே மெல்கிறாய். அம்மா சொல்லித் தெரிந்ததல்ல, நானே பார்த்தேன். இந்த வாரமே போய்க் காட்டு.

உன் அப்பா