பதினைந்து சென்டிமீட்டர்

விளாங்குடி,
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்பு மகள் ஆஷ்லினுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, காளவாசல் வரை பஸ்ஸில் போய்த் துணி எடுத்து வந்தாள் என்றால் பார்த்துக்கொள். நீ குல்லா போடாமல் வெளியே போவதைப் போட்டோவில் கண்டுபிடித்து என்னைத் திட்டுகிறாள். போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு செய்முறையில் குவிலென்ஸின் குவியத்தூரம் அளப்பது உனக்குத் தெரியும். லென்ஸ் உறையில் இருபது சென்டிமீட்டர் என்று இருக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு பத்தொன்பது புள்ளி எட்டு, இருபது புள்ளி ஒன்று என்று ரெக்கார்டில் எழுதுவார்கள், நானும் டிக் அடிப்பேன். இந்த வருஷம் உறையைப் பீரோவில் பூட்டிவிட்டு, வெறும் லென்ஸையும் ஸ்கேலையும் கொடுத்து, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டேன். தூரத்துத் தண்ணீர்த் தொட்டி வெள்ளை அட்டையில் தலைகீழாக விழுந்ததும் ஒரே கூச்சல். ஆறு குழுவும் மாறி மாறி அளந்தது, எல்லாருக்கும் பதினைந்துதான். நான் எரிந்து விழுந்து மூன்று தடவை திரும்ப அளக்க வைத்தேன். கடைசியில் முத்துமீனா என்கிற பிள்ளை, எம்புட்டு தடவ அளந்தாலும் இதான் சார் வருது, நீங்களே ஒருக்கா அளந்து பாருங்க என்றாள். அளந்தேன். பதினைந்தேதான். இருபத்திரண்டு வருஷமாக அந்த லென்ஸை நான் ஒருமுறைகூட அளந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன், நீங்கள் சரி, உறை தப்பு என்று.

தலைமையாசிரியர் வெள்ளைத்துரை சார் பயந்துவிட்டார். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருபதுன்னுதான் இருக்கு, எக்ஸ்டர்னல் அதத்தான் பாப்பாரு, பிள்ளைக மார்க்கு போச்சுன்னா யாரு பதில் சொல்றது, பேசாம அழிச்சு எழுதச் சொல்லுங்க என்கிறார். மனிதர் நல்லவர், பயமும் நியாயம்தான். ஆனால் நான் அழிக்கச் சொல்லப்போவதில்லை. தேர்வாளர் வந்ததும் முதல் வேலையாக லென்ஸை அவர் கையில் கொடுத்து, அளந்து பாருங்கள் என்பேன். ரிஜிஸ்டரைத் திருத்தச் சொல்லி, தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு மனுவும் கொடுத்தாகிவிட்டது. மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா நடுவில் புகாமல் சொல்ல வேண்டியது இதுதான். பன்னிரண்டு வருஷம் முன்பு இதே லென்ஸில் நீ பதினைந்து புள்ளி இரண்டு என்று எழுதினாய். வாத்தியார் மகளுக்கே அளக்கத் தெரியவில்லையா என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திட்டி, அழிக்க வைத்தேன். தாள் கிழியும்வரை அழித்தாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் அறிவியலில் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. பெண் வளர்ந்துவிட்டாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், மடையன்.

செய்முறைத் தேர்வு இருபத்தைந்தாம் தேதி, பிள்ளைகளுக்காக ஜெபம் பண்ணு. குல்லாவை மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். நீ அன்றைக்குச் சரியாகத்தான் அளந்தாய் அம்மா. அப்பாவை மன்னித்துவிடு.

உன் அப்பா,
சத்தியசீலன்