ஏணி பிடித்த தம்பி

அன்புள்ள மனைவிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உன் இடுப்புவலி தேவலையா?

பயப்படாதே, போன வாரம் பெயிண்ட் அடிக்கும்போது ஏணி சரிந்து முதுகில் லேசான அடி. ஏணியைப் பிடித்திருந்தவன் எங்கள் ஜெபக் கூட்டத்தில் உருகி உருகிப் பாடும் தம்பிதான். அன்று குடித்திருக்கிறான்.

“மன்னிச்சிடுங்கண்ணே, இனிமே தொடமாட்டேன்” என்று அழுதான்.

“மன்னிச்சிட்டேன்டா. ஆனா ஏணிய இனிமே மேஸ்திரி பிடிக்கட்டும்.”

“அப்ப என்னை நம்பலையா?”

“உனக்காக ஜெபம் பண்றேன். நம்புறதுக்குக் கொஞ்ச நாள் குடு.”

இன்று காலை அவனைக் கட்டிக்கொண்டேன். அப்போதும் மூச்சை மோந்துதான் பார்த்தேன். புதினா மிட்டாய் வாசனை. எதை மறைக்கவோ!

தைலம் அனுப்பு. முதுகுக்கு என் கை எட்டாது, இருந்தாலும் அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது, அவன்தான் கூப்பிடுகிறான். எனக்காக ஜெபிக்கும்போது அவனையும் சேர்த்துக்கொள்.

உன் கணவன்