பன்னிரண்டு அங்குலப் பெட்டி

வண்டியூர், மதுரை

அன்பு மகள் பெர்சிக்கு,

அப்பா எழுதுவது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நலம். உன் அம்மாவைப் பற்றித்தான் இந்த மெயில். போனில் சொல்லலாம் என்றால், ஸ்பீக்கரில் போடுங்கள் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது சபை மகளிர் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

சப்வூஃபர் என்ற வார்த்தையை இன்னொரு தடவை கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். உன் அறையில் திரையும் புரொஜக்டரும் மாட்டியபோது நான் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டவளுக்குப் பொழுது போகட்டும் என்றிருந்தேன். இப்போது இருக்கிற ஸ்பீக்கர் போதாதாம். படத்தில் இடி இடித்தால் நெஞ்சில் வந்து விழ வேண்டுமாம், அதற்கென்று தனியாக ஒரு பெட்டி. டவுன்ஹால் ரோட்டில் நாங்கள் ஏறி இறங்காத கடை இல்லை. எங்கே போனாலும் ஒரே ரயில் காட்சியைப் போடச் சொல்வாள். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவாள். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவாள். வீட்டில் ஹால் எம்புட்டுப் பெருசு சார் என்று ஒரு கடைக்காரர் கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் உங்கள் ஊர்க் கம்பெனி ஒன்றின் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அது இந்தியாவில் கிடைக்காது. பன்னிரண்டு அங்குலம், துளையில்லாமல் மூடியது. துளை வைத்தது சத்தம் கூடப் போடுமாம், ஆனால் மூடியதுதான் சுத்தமாக அதிருமாம். மே மாதம் வரும்போது நீ தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்கிறாள். அது இருக்கிற எடைக்கு நீ துணிமணியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

வருவதற்கு முன்பே அதற்கு இடம் பார்த்தாகிவிட்டது. அழகுபாண்டி கடையில் ஒரு பெட்டியை இரவல் வாங்கி, நாங்கள் உட்காரும் சோபாவில் அதை ஏற்றிவைத்து ஓடவிட்டாள். பிறகு இவள் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே போனாள். எந்த மூலையில் அதிர்வு நன்றாக இருக்கிறதோ அங்கேதான் புதுப் பெட்டியை வைக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஐரின் டீச்சர் விழுந்துட்டாங்க என்று தெருவையே கூட்டிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. பெர்சி என்ன நீ வைத்த சுமைதூக்கியா என்று ஹாலிலிருந்து கத்தினேன். சமையலறையிலிருந்து பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். இம்புட்டுத் திமிரா என்று எழுந்து போனேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அதை ஒட்டி நின்று அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. தோளைத் தொட்டேன், அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அந்த இரவல் பெட்டியை ஓடவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

"இது ஒண்ணுதாங்க எனக்கு முழுசாக் கேக்குது. மத்ததெல்லாம் யாரோ அடுத்த வீட்ல பேசுற மாதிரி இருக்கு" என்றாள்.

இரண்டு வருடம் சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே வேலையை விட்டது இதனால்தானாம். பின்பெஞ்சுப் பிள்ளைகள் கணக்கில் சந்தேகம் கேட்டால் காதில் விழவில்லையாம். என்னிடம் மூட்டுவலி என்று சொன்னாள். நானும் மடையன் மாதிரி தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டரிடம் போவோம் என்றால், காதில் மிஷின் மாட்டிக்கொண்டு ஆராதனைக்கு எப்படிப் போவது என்கிறாள். இரண்டு நாள் சண்டை. கடைசியில், பெட்டி வந்தால் டாக்டரிடம் வாரேன் என்று இறங்கி வந்திருக்கிறாள். இந்த வயதில் பேரம் பேசுகிறாள், பார்த்துக்கொள். அதனால் மே மாதம்வரை காத்திராதே, பார்சலில் அனுப்பிவிடு. சுங்கத்தில் நான் போய் நின்றுகொள்கிறேன். பத்து அங்குலம் போதும் என்று நீயாக முடிவு செய்துவிடாதே. அப்புறம் நான் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன் குரல் ரொம்ப மெல்லிசு. நீ பேசும்போதெல்லாம் சிரித்துத் தலையாட்டுவாள், போனை வைத்ததும் பெர்சி என்ன சொன்னா என்று என்னைக் கேட்பாள். இத்தனை நாள் அதை மறதி என்று நினைத்துச் சலித்துக்கொண்டேன். இனிமேல் வீடியோவில் கூப்பிடு. முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி உட்கார்ந்து, நிதானமாகப் பேசு.

கிறிஸ்துமஸுக்கு லீவு தரமாட்டார்கள் என்றாய். இன்னொரு தடவை கேட்டுப் பாரம்மா. பெட்டி பார்சலில் வந்துவிடும். கர்த்தர் உங்கள் இருவரையும் சீக்கிரம் வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
இம்மானுவேல்